கடிப்பது முயலின் குற்றமா?

எங்கள் இல்லத்துக்கு ஒரு முயல் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். மயிலை மந்தைவெளியில், ஓர் அடுக்ககத்தின் முதல் மாடியில், இரண்டு அறைகளும் ஒரு கூடமும் கொண்ட சிறு வீடு எங்களுடையது. இளைய மகளின் பத்தாவது பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். புத்தாடை வேண்டா, கைக்கடிகாரம் வேண்டா, ஒரு முயற்குட்டி போதும் என்றாள். கடைக்காரர் ஒரு சிறு கூண்டையும் கையளவு குட்டியையும் எங்களிடம் கொடுத்து, "இதற்கு மேல் வளராது, எதைப் போட்டாலும் தின்னும், ஒரு தொல்லையும் இராது" என்று உறுதி கூறினார். அவர் கூறிய மூன்றும் பொய்யென்பதை அறிய எங்களுக்கு மூன்று மாதங்கள் ஆயின.

குட்டிக்குப் 'பஞ்சு' என்று பெயரிட்டோம். பெயருக்கேற்ற மென்மை அதன் உடலில் இருந்ததேயன்றிப் பல்லில் இல்லை. முதலில் பிரம்பு நாற்காலியின் பின்னல் அறுந்தது. அடுத்துக் கைப்பேசியின் மின்னேற்றி வயர்கள், ஒன்றன்பின் ஒன்றாக நான்கு. பின்னர் பாட்டி தம் திருமணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தேக்குக் கட்டிலின் கால். கட்டிலைக் கண்டபோது பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. தம் சேலைத் தலைப்பால் அந்த இடத்தை ஒருமுறை துடைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த மௌனமே எங்களை அதிகம் சுட்டது.

நாங்களும் கைகட்டிக்கொண்டிருக்கவில்லை. செய்தித்தாளைச் சுருட்டி அடித்தோம். கட்டிற்காலில் மிளகாய்த்தூளைக் குழைத்துப் பூசினோம், வேப்பெண்ணெய் தடவினோம். ஒன்றும் பயன்படாமற்போகவே, நாள் முழுவதும் கூண்டில் அடைத்து, இரவு உணவுக்குப்பின் இரண்டு மணி நேரம் மட்டும் திறந்துவிட்டோம். அந்த இரண்டு மணி நேரத்தில் அது கடித்தது, முன்பு நாள் முழுவதும் கடித்ததைவிட அதிகம்.

ஒருநாள் இரவு கூண்டின் கதவைச் சரியாகத் தாழிட மறந்துவிட்டோம். விடியுமுன் எழுந்து குளித்த பாட்டி, ஈரக் காலுடன் சமையலறைக்குள் நுழைந்தபோது, பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வீசியது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், குளிர்சாதனப் பெட்டியின் வயர் பாதிக்குமேல் அறுபட்டு, உள்ளிருந்த செம்புக்கம்பி பளபளத்துக்கொண்டிருந்தது. அதற்கும் பாட்டியின் காலுக்கும் இடையே ஒரு முழத் தொலைவுகூட இல்லை. முயல் ஒரு மூலையில் ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்று காலையே நாங்கள் முடிவு செய்துவிட்டோம்: ஞாயிறன்று இதைக் கொண்டுபோய் எங்கேனும் விட்டுவிடுவது. "கிண்டிக் காட்டில் விட்டுவிடுங்கள், அங்கே முயல்கள் இருக்கின்றனவாம்" என்று பக்கத்து வீட்டார் யோசனை கூறினர். மகள் அழவில்லை. சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்பா, அது ஏன் கடிக்கிறது என்று யாரையாவது கேட்டோமா?" என்றாள்.

நாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று பிடிவாதம் பிடிப்பது பெரியவர்களுக்கு எளிது. ஆயினும் அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. ஆகவே காட்டுக்குப் போவதற்குமுன் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் முயலின் வாயைத் திறந்து பார்ப்பதற்குமுன் எங்களைத்தான் இரண்டு கேள்விகள் கேட்டார்: "என்ன தின்னக் கொடுக்கிறீர்கள்? நாளெல்லாம் அது என்ன செய்கிறது?" சோறு, ரொட்டி, பிஸ்கட், காரட் என்று சொன்னோம். கூண்டில் உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னோம். சொல்லும்போதே எங்கள் குரல் தாழ்ந்துவிட்டது. குற்றப்பத்திரிகையில் பெயர் மாறிவிட்டதை நாங்கள் உணர்ந்தோம்.

அவரிடம் கற்றவற்றையும், பின்னர் படித்தும் பட்டும் அறிந்தவற்றையும், முயல் வளர்க்கும், அல்லது வளர்க்க எண்ணும் குடும்பங்களுக்குப் பயன்படுமென்று இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வளர்ந்துகொண்டே இருக்கும் பல்

முயலின் பல், மனிதப் பல்லைப்போல ஓரளவுக்கு வளர்ந்து நின்றுவிடுவதன்று. அதன் வாயிலுள்ள 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். முன்பற்கள் வாரத்திற்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். தேயாமல் விட்டால் ஓராண்டில் 10 சென்டிமீட்டருக்குமேல் நீண்டுவிடும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். முயலை எலி, அணில் இனத்தோடு சேர்த்து எண்ணுவோர் பலர். ஆனால் அதன் மேல்தாடையில் இரண்டு பெரிய முன்பற்களுக்குப் பின்னே இரண்டு சிறு பற்கள் மறைந்திருக்கின்றன. எலிகளுக்கு அவை இல்லை. இதுபோன்ற வேறுபாடுகளைக் கொண்டே 1912-ஆம் ஆண்டில் விலங்கியலார் முயல்களைத் தனி வரிசையாகப் பிரித்தனர்.

"அப்படியானால் பல்லைத் தேய்க்கத்தானே மரத்தைக் கடிக்கிறது? கடிக்கட்டுமே" என்று சிலர் கூறுவர். இது பாதி உண்மை. கண்ணுக்குத் தெரியாத கடைவாய்ப் பற்களும் வளர்கின்றன. அவற்றைத் தேய்ப்பது கட்டிற்கால் அன்று, புல். நார் மிகுந்த புல்லை முயல் பக்கவாட்டில் தாடையை அசைத்து, மணிக்கணக்கில் அரைத்து அரைத்துத் தின்னும்போதுதான் அப்பற்கள் சீராகத் தேய்கின்றன. சோறும் ரொட்டியும் மென்மையானவை, அரைக்க வேண்டியதில்லை. ஆகவே பல் தேய்வதில்லை. தாடைக்கு வேலை இல்லை. வயிற்றுக்கும் நார் கிடைப்பதில்லை. புல்லில் செலவாகியிருக்க வேண்டிய அத்தனை நேரமும் நம் நாற்காலியின்மீது திரும்புகிறது.

வேரும் வயரும்

வயரைக் கடிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாம் வளர்க்கும் முயல் நம் நாட்டுக் காட்டு முயலன்று. நம் புதர்க்காடுகளில் வாழும் கருங்கழுத்து முயல் வளை தோண்டுவதில்லை, புல்மறைவில் படுத்துறங்கும். வீட்டு முயலோ ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தது. கூட்டமாக வாழ்வதும், மண்ணுக்கடியில் வளை தோண்டுவதும், வளையின் குறுக்கே நீட்டும் வேர்களைக் கடித்து வழியைச் செம்மையாக்குவதும் அதன் பிறவிக்குணம். சுவரோரமாகத் தரையில் கிடக்கும் கருப்பு வயர் அதற்கு என்னவாகத் தோன்றும்? பாதையை மறிக்கும் வேராகத்தான் தோன்றும். கட்டிலுக்கு அடியிலுள்ள இருட்டு அதற்கு வளை. கட்டிற்கால் அவ்வளையில் நிற்கும் மரவேர்.

இந்த முயல் மனிதரோடு பழகிய வரலாற்றைப்பற்றி நெடுங்காலம் வழங்கிவந்த ஒரு கதை நம் வாசகர்களுக்குச் சுவையாயிருக்கும். கி.பி. 600 அளவில் திருத்தந்தை கிரகோரியார், பிறவாத முயற்குட்டிகளை இறைச்சியாகக் கருதவேண்டியதில்லை என்று அறிவித்தாராம். அதனால் தவக்காலத்தில் உண்பதற்கென்று பிரான்சு நாட்டுத் துறவிகள் முயல்களை மடங்களில் வளர்க்கத் தொடங்கினராம். நூல்கள் பலவற்றில் இடம்பெற்ற இக்கதைக்கு ஆதாரமில்லை என்று ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2018-இல் எடுத்துக்காட்டினர். தூர் நகரக் கிரகோரியார் என்னும் ஆயர் வேறொரு பொருளில் எழுதிய குறிப்பு, பெயர்க் குழப்பத்தால் திருத்தந்தையின்மீது ஏற்றப்பட்டுவிட்டது. ஒரு குறிப்பிட்ட நாளில் திடீரென்று வீட்டு விலங்கானதன்று முயல். மெல்ல மெல்லப் பழகியது. நாய் நம்மோடு வாழ்ந்துவரும் காலத்தோடு ஒப்பிட்டால், முயல் நேற்று வந்த விருந்தாளியே. அதன் உடல் நம் கூடத்தில் இருக்கிறது. இயல்போ இன்னும் வளையில்தான்.

அந்த இயல்பை வேலியிட்டு நிறுத்திவிடலாம் என்று எண்ணியவர்களும் உண்டு. 1859-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்கென 24 முயல்களைக் கொண்டுவந்து விட்டார். அவை பெருகிப் பரவிய வேகத்தைக் கண்டு அஞ்சி, மேற்கு ஆஸ்திரேலிய அரசு 1901 முதல் 1907 வரை 3,200 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்திற்கு மூன்று வேலிகள் எழுப்பியது. வேலிகள் முடியுமுன்னரே முயல்கள் அப்பால் சென்றுவிட்டன. ஒரு நாட்டின் வேலியே தோற்ற இடத்தில், சுருட்டிய செய்தித்தாள் வெல்லுமா? தடுப்பதன்று வழி, திருப்பிவிடுவதே வழி.

முதல் மருந்து புல்

எனவே, கடிக்கும் முயலுக்கு முதல் மருந்து புல்லே. தன் உடலின் பருமனளவுக்குப் புல் நாள்தோறும் அதன்முன் இருக்கவேண்டும். இரவிலும் தீர்ந்துபோகக் கூடாது. கடைகளில் விற்கும் வெளிநாட்டுத் திமோத்திப் புல் நல்லதே. விலைதான் நம்மைப்போன்ற குடும்பங்களுக்குச் சற்றுக் கடினம். ஆனால் மயிலையில் வாழ்வோருக்கு ஒரு வசதி உண்டு. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் பூ விற்போரிடம் அருகம்புல் கிடைக்கும். அதை வாங்கி, நன்றாக அலசி, நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம், பச்சையாகவும் கொடுக்கலாம். பசுக்களுக்கென்று விற்கும் அகத்திக்கீரையை முயல் மிகவும் விரும்பும். ஆயினும் அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாதலால் வாரத்தில் ஓரிரு நாள் சிறிது கொடுத்தால் போதும். ஊர்ப்பக்கம் உறவினர் இருப்பின் கொழுக்கட்டைப் புல் கொண்டுவரச் சொல்லலாம். நம் உழவர்கள் ஒரு தீவனப் பயிருக்கு 'முயல் மசால்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதுவும் பயறு வகையைச் சேர்ந்ததாகையால் அளவோடு தருவதே நன்று.

சாலையோரப் புல்லையும் பூங்காப் புல்லையும் பறித்துவருதல் ஆகாது. நாய்களின் கழிவும் பூச்சிமருந்தும் அதில் படிந்திருக்கக்கூடும். வைக்கோலைப் படுக்கையாக விரிக்கலாம். உணவாக அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கிக் கீரை ஆகியவற்றில் ஒரு கைப்பிடி போதுமானது. காரட் முயலின் தலையாய உணவு என்பது படக்கதை பரப்பிய எண்ணம். அதில் இனிப்பு மிகுதி. விரலளவுத் துண்டு, அதுவும் எப்போதாவது. சோறு, ரொட்டி, பிஸ்கட், வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகியவற்றை அறவே விலக்கவேண்டும். எந்தப் புது உணவையும் ஒரே நாளில் மாற்றாமல், பத்து நாட்களில் சிறிது சிறிதாகப் பழக்குதல் நலம். எங்கள் பஞ்சு அருகம்புல்லைப் புரிந்துகொள்ள ஆறு நாட்கள் எடுத்துக்கொண்டது. ஏழாம் நாள் முதல் கூடத்தில் இரவெல்லாம் புல் அரைபடும் ஓசை கேட்கத் தொடங்கியது.

கடிக்கத் தகுந்தவை

'கடிக்காதே' என்று சொல்வதோடு நம் கடமை முடியவில்லை. 'இதைக் கடி' என்று ஒன்றைக் கொடுக்கவும் வேண்டும். இதற்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. கொய்யா, முசுக்கொட்டை ஆகியவற்றின் காய்ந்த கிளைகள், சாயமிடாத பனை ஓலைப் பெட்டி, மூங்கிற் கூடை, ஒட்டுநாடாவும் கம்பிப் பின்னும் நீக்கிய அட்டைப் பெட்டி ஆகிய யாவும் நல்ல விளையாட்டுப் பொருள்களே. அட்டைப் பெட்டியின் இரு பக்கமும் வாயில் வெட்டி, உள்ளே புல்லைத் திணித்து வைத்தால் அதற்கு வளையும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. ஒன்றைச் சலித்துவிட்டால் எடுத்து மறைத்துவைத்து, ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கொடுங்கள், புதியதென்றே எண்ணும்.

அரளியின் ஒரு கிளையும் வீட்டுக்குள் வரலாகாது. சென்னை வீடுகளில் அழகுக்காக வளர்க்கும் இச்செடி முயலுக்குக் கொடிய நஞ்சு. எருக்கும் அவ்வாறே. வண்ணம் பூசிய மரமும் ஒட்டுப்பலகையும் ஏற்றவையல்ல. வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகக்கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய கதவு, பழைய தொட்டில் ஆகியவற்றின் வண்ணத்தில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். இது முயலுக்கு மட்டுமன்று, தவழும் குழந்தைக்கும் பொருந்தும் எச்சரிக்கையாகும்.

மின்கம்பிக்குக் காவல்

நாற்காலி போனால் நாற்காலியோடு போயிற்று. மின்கம்பியோ உயிரோடு விளையாடும் பொருள். நம் வீடுகளில் ஓடுவது 230 வோல்ட் மின்சாரம். ஆதலால் இதில் முயலின் நல்லறிவை நம்பியிருத்தல் கூடாது; வயர் அதன் வாய்க்கு எட்டாதபடி செய்துவிடுவதே ஒரே வழி.

முதலாவது, தரையில் கிடக்கும் வயர்களையெல்லாம் சுவரோடு சேர்த்து மூன்றடி உயரத்திற்குமேல் ஏற்றுங்கள். மின்பொருள் கடைகளில் 'கேசிங் கேப்பிங்' என்று கேட்டால் மூடியுள்ள பிளாஸ்டிக் பட்டை கிடைக்கும். மின்பணியாளர் அரைநாளில் பொருத்திவிடுவார். இரண்டாவது, தரையோடு போயே தீரவேண்டிய வயரைக் கெட்டியான பி.வி.சி. குழாய்க்குள் செலுத்துங்கள். வளையும் மெல்லிய குழாயை முயல் ஓரிரவில் துளைத்துவிடும். மூன்றாவது, குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி ஆகியவற்றின் பின்புறத்தைக் கம்பிவலையால் அடையுங்கள். பலகையால் முற்றிலும் அடைத்தால் காற்றோட்டமின்றி இயந்திரம் சூடேறும். நான்காவது, கைப்பேசியின் மின்னேற்றியை வேலை முடிந்ததும் கழற்றி இழுப்பறையில் வையுங்கள். இது பிள்ளைகளின் பொறுப்பாக இருக்கட்டும்.

இவற்றோடு, மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வீட்டில் உள்ளதா என்று மின்பணியாளரிடம் கேளுங்கள். அவர்கள் இதை 'ஆர்.சி.சி.பி.' என்பர். 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிந்தாலே அது கணநேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். சாதாரண 'எம்.சி.பி.' அவ்வாறன்று, மிகையான மின்னோட்டத்திலிருந்து வயரைக் காக்குமேயன்றி, கசிவைத் தொட்ட மனிதரைக் காவாது. அன்று விடியற்காலையில் எங்கள் வீட்டில் இருந்தது இந்த இரண்டாவது மட்டுமே. பாட்டி விளக்கைப் போடாமல் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றளவும் எண்ணிப்பார்க்க அஞ்சுகிறோம்.

ஆயினும் அக்கருவி முயலையும் காக்கும் என்று எண்ணற்க. இரு கம்பிகளையும் ஒருசேரக் கடிக்கும் முயலின் வாய்க்குள்ளேயே மின்சாரம் சுற்றிவிடுமாகையால், தரைக்குக் கசிவின்றிக் கருவி வாளா இருந்துவிடலாம். முயல் வயரைக் கடித்தவாறு கிடப்பதைக் கண்டால் முதலில் முதன்மை மின்விசையை நிறுத்துங்கள். பின்னரே அதைத் தொடுங்கள். எழுந்து ஓடிவிட்டாலும் மருத்துவரிடம் கொண்டுசெல்லத் தவறாதீர்கள். வாய்ப்புண்ணோடு, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. கடித்த பிளாஸ்டிக்கையும் பஞ்சையும் விழுங்கியிருந்தாலும் ஆபத்தே. முயலால் வாந்தியெடுக்க இயலாது. 12 மணி நேரம் ஒன்றும் தின்னாமலும் புழுக்கை போடாமலும் ஒரு முயல் இருந்தால் அது அவசர நிலை. முகவாய் எச்சிலால் நனைந்திருந்தால் பல்லை உடனே காட்டவேண்டும். 1903-இல் தொடங்கப்பெற்ற சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது என்பதை நகரவாசிகள் நினைவிற்கொள்வார்களாக.

அடியும் காரமும் வேண்டா

மரச்சாமான்களின் கால்களுக்கும் காவல் எளிதே. பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து நாற்காலியின் காலில் மாட்டிவிடலாம்; பாட்டியின் கட்டிலுக்கு அவ்வாறே செய்தோம். கட்டிலுக்கு அடியில் முயல் நுழையாதபடி பெட்டிகளை நெருக்கி வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

மிளகாய்த்தூள் அதன் கண்ணையும் மூக்கையும் எரித்துப் புண்ணாக்கும், அந்துருண்டை நஞ்சு. கசப்போ, கசக்கும் தழைகளை விரும்பித் தின்னும் பிராணிக்குத் தண்டனையே ஆகாது. அடித்தால் அது கற்றுக்கொள்வது ஒன்றே: இந்த வீட்டு மனிதர்கள் அஞ்சத்தக்கவர்கள் என்பது. காதைப் பிடித்துத் தூக்குதல் கொடுமை. அஞ்சிய முயல் பின்னங்காலை உதறும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும். தகாததைக் கடிக்கும்போது ஒருமுறை கைதட்டி, 'வேண்டா' என்று ஒரே குரலில் சொல்லி, உடனே ஒரு கொய்யாக் குச்சியை முன்னே வைக்கவேண்டும். நாள்தோறும், வீட்டிலுள்ள அனைவரும், ஒரேவிதமாகச் செய்யவேண்டும். ஒருவர் தடுக்க, மற்றொருவர் சிரித்து ரசித்தால் பிள்ளையும் திருந்தாது, முயலும் திருந்தாது.

கூண்டும் தனிமையும்

முயல் சுறுசுறுப்பாயிருப்பது விடியலிலும் அந்தியிலும். அந்நேரங்களில் காவலோடு மூன்று நான்கு மணி நேரம் ஓடவிடுங்கள். மற்ற நேரத்திற்கும் சிறு கூண்டு போதாது. இரு முயல்களுக்கு 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் உள்ள இடம் எப்போதும் வேண்டும் என்று பிரிட்டனின் முயல் நலச் சங்கம் கூறுகிறது. அடையாற்றிலோ தியாகராய நகரிலோ வாடகை வீட்டில் வாழ்வோருக்கு இது பெரிய கனவுதான். ஆயினும் கூடத்தின் ஒரு மூலையைக் கம்பிவலைத் தட்டிகளால் வளைத்துக் கொடுத்தால் கூண்டைவிடப் பன்மடங்கு மேல்.

தனிமையும் கடிக்கத் தூண்டும். அனைவரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட, பத்து மணி நேரம் தனித்திருக்கும் முயல் வேறென்ன செய்யும்? பருவமும் ஒரு காரணம். நான்கு முதல் ஆறு மாதங்களில் முயல் பருவமடைகிறது. அப்போது தோண்டுதலும் கடித்தலும் மிகும். அனுபவமுள்ள மருத்துவரிடம் கருத்தடை அறுவை செய்வித்தால் இவை பெரிதும் தணியும். பெண் முயலுக்குப் பிற்காலத்தில் வரக்கூடிய கருப்பைப் புற்றுநோயும் தவிரும். துணைக்கு இன்னொன்று வாங்க நினைப்போர் இதை மறந்தால், 31 நாட்களில் வீடு நிறைந்துவிடும்.

நம் வெயிலையும் மறத்தலாகாது. பழனிமலையின் குளிரில், கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிலையத்தில் முயல்கள் நலமாக வளர்கின்றன. 30 பாகைக்குமேல் வெப்பம் ஏறினால் முயல் வாடத் தொடங்கும். நம் சென்னையின் அக்கினி நட்சத்திரமோ 40 பாகையைத் தொடும். ஆகவே பால்கனியில் தள்ளி வைப்பது நாற்காலியைக் காக்கலாம், முயலைக் கொன்றுவிடும். உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அதன் அருகே வைத்தால் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

காட்டில் விடலாமா?

பக்கத்து வீட்டாரின் யோசனைக்கு வருவோம். கிண்டிக் காட்டில் இருப்பது நம் நாட்டுக் கருங்கழுத்து முயல். அங்கே வீட்டு முயலை விடுவது விடுதலை அன்று; மரண தண்டனை. இரை தேடவும் பகையை அஞ்சவும் அறியாத அந்த வெள்ளைப் பிராணியை நாயோ நரியோ முதல் இரவிலேயே முடித்துவிடும். அது தேசியப் பூங்காவாதலால் சட்டப்படியும் குற்றமாகும். உண்மையாகவே வளர்க்க இயலாதவர்கள், அன்போடு ஏற்கும் வேறொரு வீட்டைத் தேடலாம். அல்லது 1959-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற புளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்புகளிடம் யோசனை கேட்கலாம்.

இன்னும் முயல் வாங்காதவர்களுக்கு ஒரு சொல். நன்கு வளர்க்கப்படும் முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வாழும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், அவள் கல்லூரியை முடிக்கும்வரை அது நம் வீட்டில் இருக்கும். புல் வாங்கவும், வயரை மறைக்கவும், வெயிலில் காக்கவும் அத்தனை ஆண்டுகளுக்கு நாம் ஆயத்தமா? ஆம் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால், 'இல்லை' என்று பிள்ளையிடம் சொல்வதும் அன்பே.

எங்கள் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது புல் வாங்க மாட வீதிக்குப் போகிறோம். பஞ்சு முற்றிலும் திருந்திவிட்டது என்று பொய் கூற விரும்பவில்லை. சென்ற மாதம் ஒரு பாயின் ஓரத்தைத் தின்றுவிட்டது. ஆயினும் வயர் எதுவும் அதன் வாய்க்கு எட்டுவதில்லை. கட்டிற்காலை மெருகேற்றித் தரலாமா என்று பாட்டியிடம் கேட்டோம். "வேண்டா, அப்படியே இருக்கட்டும், கவனிக்க மறந்தது யார் என்று ஞாபகம் இருக்குமல்லவா?" என்றார். அந்தத் தழும்பு பாட்டியின் கட்டிலில் இன்றும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், ஓர் உயிரை வீட்டுக்குள் அழைத்துவருவோர் அதன் இயல்பையும் சேர்த்தே அழைத்துவருகின்றனர் என்பதை நினைத்துக்கொள்கிறோம்.